எல்பிஐசி-1 தேர்வுக்கு பாஷ் ஹிஸ்டரி: பதிவு காணாமல் போனால் எங்கே பார்ப்பது

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வான எல்பிஐசி-1-இன் பாடத்திட்டத்தில், பாஷ் ஷெல்லில் தட்டச்சு செய்த கட்டளைகளின் பதிவான ஹிஸ்டரி 103.1-இல் வருகிறது. அதை மாற்றியமைக்கும், ஷெல் திறக்கும்போது படிக்கும் தொடக்கக் கோப்புகள் 105.1-இல் வருகின்றன. இரண்டுக்கும் எடை, அதாவது தேர்வில் உள்ள பங்கு, 4. ஒவ்வொரு தாளிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள். சிலவற்றுக்கு விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் மாறிகளின் எழுத்துக்கூட்டல் கைக்குப் பழகியிருக்க வேண்டும். இங்கே வரும், ஹிஸ்ட் என்று தொடங்கும் மாறிகள் எல்லாமே பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு வராது. ஒவ்வொரு பிராம்ப்டுக்கும் முன் ஓட வேண்டிய கட்டளையை வைக்கும் பிராம்ப்ட் கமாண்ட் மாறியில் மட்டும் அடிக்கோடு உண்டு.

ஹிஸ்டரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஓடும் ஷெல்லின் நினைவகத்தில் ஒரு பட்டியல், ஹோம் டைரக்டரியில் ஒரு கோப்பு. முன்னதன் அளவு ஹிஸ்ட்சைஸ், பின்னதன் அளவு ஹிஸ்ட்ஃபைல்சைஸ். குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதால்தான். ஷெல் முறையாக மூடும்போதுதான் பட்டியல் கோப்புக்குப் போகும். கில் மைனஸ் 9 கொடுத்து ஷெல்லை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அந்த அமர்வின் வரிகள் போனதுதான்.

சோதிக்க எளிய வழி: எக்கோவில் தனித்த சொல் ஒன்றைப் போடுங்கள். ஹிஸ்டரி கட்டளையில் அது தெரியவில்லையென்றால் தவறு, எதைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் வடிகட்டி மாறிகளில். ஹிஸ்ட்கன்ட்ரோலில் இக்னோர்ஸ்பேஸ் அல்லது இக்னோர்போத் இருந்தால் முன்னால் இடைவெளியுள்ள வரி பதிவாகாது. இணையத்திலிருந்து ஒட்டும் கட்டளைகள் இப்படித்தான் மறைகின்றன. ஹிஸ்ட்இக்னோர் முழு வரியோடு பொருத்திப் பார்க்கும். எல்எஸ் என்று மட்டும் எழுதினால் எல்எஸ் மைனஸ் எல் தப்பிவிடும். அதையும் பிடிக்க, இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போட்ட இன்னொரு வடிவத்தை முக்காற்புள்ளியால் பிரித்துச் சேர்க்க வேண்டும்.

அந்தச் சொல் பட்டியலில் தெரிந்து, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் காணாமல் போனால் கோப்பைப் பாருங்கள். முதலில் எல்எஸ் மைனஸ் எல் போட்டு உரிமையாளரைச் சரிபாருங்கள். சூடோ வழியாகத் திறந்த ஷெல் கோப்பை ரூட் பெயரில் உருவாக்கியிருந்தால் உங்கள் ஷெல்லால் எழுத முடியாது. உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையைப் போட்டால் சரியாகும். அடுத்து அளவு. ஹிஸ்ட்ஃபைல்சைஸுக்கு மதிப்புக் கொடுத்த அந்தக் கணமே கோப்பு நறுக்கப்படும். எங்கும் எதுவும் வைக்காவிட்டால் இயல்பு அளவு 500 வரி. அதனால் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியைப் படிக்காமல் விடும் நோஆர்சி விருப்பத்தோடு ஒரு முறை ஷெல்லைத் திறந்தாலே பல மாதச் சேமிப்பு கரைந்துவிடலாம். பாஷ் 4.3 முதல் எதிர்ம எண் வைத்தால் வரம்பே இல்லை.

பல டெர்மினல்கள் திறந்திருப்பவர்கள் ஷாப்ட் மைனஸ் எஸ் கொடுத்து, கோப்பின் முடிவில் வரிகளை ஒட்டும் ஹிஸ்டப்பெண்டை இயக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு மேலெழுதப்பட வாய்ப்புண்டு. உடனுக்குடன் சேமிக்க, பிராம்ப்ட் கமாண்டில் ஹிஸ்டரி மைனஸ் ஏ வையுங்கள்; அது புதிய வரிகளைக் கோப்பில் சேர்க்கும். ஏற்கெனவே அதில் இருந்த மதிப்பை அழிக்காமல் பின்னால் ஒட்டுங்கள். கோப்பில் புதிதாக வந்த வரிகளைப் படிக்கும் ஹிஸ்டரி மைனஸ் என்-ஐயும் சேர்த்தால் மற்ற ஜன்னல்களின் கட்டளைகளும் மேல் அம்புக்குறியில் வந்து நிற்கும். ரூட்டாக வேலை செய்பவர்களுக்கு அது ஆபத்து, தவிர்ப்பதே நல்லது.

ஹிஸ்ட்கன்ட்ரோலின் இன்னொரு மதிப்பான இரேஸ்டப்ஸ் பட்டியலில் உள்ள நகல்களை மட்டுமே நீக்கும். கோப்போடு வரிகளை ஒட்டும் முறையில் பழைய நகல்கள் அங்கேயே கிடக்கும்.

வரிகளோடு நேரத்தையும் காட்டும் ஹிஸ்ட்டைம்ஃபார்மட் வைத்த பிறகும் பழைய வரிகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டினால் பிழை இல்லை. அவை நேரமுத்திரை இல்லாமல் சேமிக்கப்பட்டவை.

எல்லாம் சரியாக இருந்தும் எஸ்எஸ்ஹெச் வழி நுழையும்போது மட்டும் அமைப்பு வேலை செய்யவில்லையா? அப்படித் திறப்பது லாகின் ஷெல்; அது பாஷ்ஆர்சியைத் தானாகப் படிப்பதில்லை. லாகின் ஷெல் படிக்கும் பாஷ் புரொஃபைலில் அதை சோர்ஸ் செய்யும், அதாவது படித்து இயக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள்.