டிடி-02: முன்பக்க வேலை

ஜூன் 7, சனி

பின்பக்க கியர்பாக்ஸை மூடியாகிவிட்டது. இனி முன்பக்கம். வண்டி, பெட்டியில் வரும் பாகங்களை நாமே கோத்துக் கட்டி ரிமோட்டில் ஓட்டும் மாடல் கார்: டமியா டிடி-02. பத்தில் ஒரு பங்கு அளவு, தண்டு (ஷாஃப்ட்) வழியாக நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சேசிஸ், 2013இல் வந்தது. புதிதாக இந்தப் பைத்தியம் பிடித்தவர்களிடம் இன்றும் பலர் இதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். அதோடு சேர்த்து, "ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கும், பாத்துக்கோங்க" என்றும் சொல்லிவிடுவார்கள். அந்த ஆட்டம், அதாவது தளர்ச்சி, எந்தெந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே கட்டுவதாக உத்தேசம்.

இன்று வெட்டுகிற வேலை மட்டும். பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கட்டரால் எடுத்து, பிசிறைப் பிளேடால் சீவினேன். பேரிங் உட்காரும் குழியில் துளிப் பிசிறு இருந்தாலும் பேரிங் சாய்ந்துதான் உட்காரும். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் புஷ்களை ஓரமாக வைத்துவிட்டு, 1150 பால் பேரிங் வாங்கியிருக்கிறேன்: வெளிவட்டம் 11 மி.மீ., உள்துளை 5 மி.மீ.

திருப்புளி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்த ஸ்க்ரூக்களின் தலை ஜப்பானிய ஜேஐஎஸ் வகை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பள்ளத்தில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு பக்கமும் சி வடிவ ஹப், அதற்குள் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள், இரண்டையும் மேலும் கீழும் இணைக்கும் ஸ்க்ரூவான கிங் பின். கிங் பின்னில் மரை பாதிதான். மிச்சம் வழவழப்பான தண்டு. மரை பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொள்ள, தண்டு அச்சாக நிற்கிறது. நக்கிள் திரும்புவது அதன் மேல்தான்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ தானே மரை வெட்டிக்கொண்டு போவதால் முதல் தடவை கை வலிக்கும். நுனியில் கொஞ்சம் சோப்பைத் தடவிக்கொண்டால் வழுவழுவென்று இறங்கும். தலை போய் முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கால் சுற்று' என்று ஆசைப்பட்டால் மரை கழன்றுவிடும், அல்லது நக்கிள் இறுகிப்போகும். சோதனை எளிது: ஹப்பைக் கையில் பிடித்துச் சாய்த்தால் நக்கிள் தன் எடையிலேயே மறுபக்கம் விழ வேண்டும். இங்கே இருக்கிற சிறு தளர்ச்சி வேண்டியதுதான். இதையும் ஆட்டம் என்று நினைத்து இறுக்கினால், வளைவிலிருந்து மீளும்போது சக்கரம் நடுவுக்கு வராமல் அங்கங்கே நிற்கும்.

ஜூன் 11, புதன்

அலுவலகம் முடிந்து ஒரு மணி நேரம் கிடைத்தது. இன்று திருப்பும் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்பு: இரண்டு உலோகத் தண்டுகள், அவற்றின் மேல் ஆடும் இரண்டு கை (கிராங்க்), இரண்டையும் சேர்க்கும் ஒரு பாலம். பெரிய சந்தேகம் இங்கேதான்: பிளாஸ்டிக் துளை, உலோகத் தண்டு, நடுவில் மெல்லிய இடைவெளி. அலுமினியத்தில் பேரிங் வைத்த மாற்று செட் விற்கிறார்கள். வாங்கலாம்தான், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் பணத்தைப் போட மனமில்லை.

இந்த இணைப்பு இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவு திருப்பினால் போதாது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால் அது வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அக்கர்மன் என்று பெயர். யோசித்தவர் மியூனிக்கில் வண்டி செய்த லாங்கென்ஷ்பெர்கர். இங்கிலாந்தில் 1818இல் அவருக்காகக் காப்புரிமை எடுத்தவர் அக்கர்மன். செய்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் இன்னொருவன்!

ஜூன் 14, சனி

இன்று சர்வோ, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார். முதலில் வண்டியிலுள்ள ரிசீவரில் சொருகி, டிரான்ஸ்மிட்டரில் (கையிலுள்ள ரிமோட்) நடுவை நகர்த்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகே அதன் தண்டில் கொம்பை மாட்ட வேண்டும். ரிசீவரிலிருந்து வரும் துடிப்பு சுமார் 1.5 மில்லிசெகண்ட் இருந்தால் நடு. 1 மில்லிசெகண்டை நோக்கிக் குறைந்தால் ஒரு திசை, 2 மில்லிசெகண்டை நோக்கிக் கூடினால் மறுதிசை. சர்வோ தண்டின் பல் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபுட்டாபா 25, சன்வா 23. பொருந்தாத கொம்பை அமுக்கி ஏற்றினால் பல் மழுங்கிவிடும்.

கொம்பு என்று சொல்வது உண்மையில் சர்வோ சேவர். நடுவில் ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கிறது. அண்ணன் மகன் அதை விரலால் நெம்பிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது ஆடுதே. ஒரே இரும்பா போட்டா என்ன?" என்றான்.

"போடலாம்டா. சக்கரம் சுவர்ல முட்டுச்சுன்னா அந்த அடி நேரா சர்வோ கியருக்குத்தான் போகும்."

"அப்ப இது வேணும்னே ஆடுதா?"

வேண்டுமென்றேதான். ஆனால் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பெட்டியில் வந்த சேவர் ரொம்ப இளகல். வேகத்தில் சக்கரத்தைத் திருப்புவதற்கே அது வளைந்து கொடுக்கும். அதனால் கெட்டி ஸ்பிரிங் உள்ள ஹை-டார்க் சேவரைப் போட்டேன். அலுமினியத்துக்கு முன்னால் மாற்ற வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. கிராங்க் ஆட்டம் நூலளவு. இளகிய சேவர் சக்கரத்தையே பல டிகிரி பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

கிராங்க் பக்கத்தை நக்கிளோடு இணைக்கும் டை ராடுகள். மரை போட்ட தண்டின் இரு முனையிலும் அட்ஜஸ்டர், அதாவது பந்தின் மேல் அமுக்கி மாட்டும் பிளாஸ்டிக் முனை. செய்முறைப் புத்தகத்தில் முழு அளவில் படம் போட்டிருப்பதால் மேலே வைத்தே நீளம் பார்த்துக்கொள்ளலாம். இரு முனையிலும் வலது மரை என்பதால் மாட்டியபடியே திருக முடியாது. ஒரு முனையைப் பந்திலிருந்து நோஸ் பிளையரால் கழற்றி, அரைச் சுற்று, திரும்ப அமுக்கு. டர்ன்பக்கிள் வகைத் தண்டு என்றால் ஒரு முனை இடது மரை, மாட்டியபடியே திருகலாம், இந்தத் தொல்லை இல்லை.

சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கி இருந்தால் டோ-இன், நேராக ஓடும்போது அமைதி. வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட், வளைவில் சட்டென்று மூக்கைத் திருப்பும். இப்போதைக்கு இரண்டும் இல்லாமல் நேராக வைத்திருக்கிறேன்.

முழுக்கத் திருப்பியதும் சர்வோ 'ர்ர்ர்' என்று முனகியது. சக்கரம் தடையில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிரான்ஸ்மிட்டரில் இருபக்க எல்லையையும் முனகல் நிற்கும்வரை குறைத்தேன். பிறகு மின்சாரத்தை விட்டுவைத்துச் சக்கரத்தை விரலால் அசைத்தால் மிச்ச ஆட்டம் முழுக்கக் கிராங்க் தண்டுகளில்தான். அதற்கு அலுமினியமா, சும்மா விடுவதா என்பதைத் தார்த்தரையில் ஓட்டிவிட்டு முடிவு செய்யலாம். அடுத்தது குலுக்கலை அடக்கும் டாம்பர். பெட்டியில் வந்தது உராய்வு வகை, எண்ணெய் கிடையாது. அதை நான் மாட்டப் போவதில்லை.