வளவுக்குள்ள பத்து மீட்டர், எதிர்ல ஒரு புள்ளி

அண்ணன் மக பதினோராம் வகுப்பு படிக்குறா, காத்தழுத்தத்துல சுடுற ஏர் ரைபிள் பிடிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. லட்சக்கணக்குல விலை போற போட்டி ரைபிள் இல்ல, ஃபேக்டரியில இருந்து வந்தபடியே இருக்கிற சாதா ஸ்பிரிங் ரைபிள், பேரலை மடக்கி லோட் பண்றது. போன சித்திரையில ஒரு நாள், சுட்ட இலக்கு அட்டையை என் கையில குடுத்து "சித்தப்பா, நான் ஒழுங்காத்தான் பிடிச்சேன், குண்டு ஏன் இப்படி போகுது"ன்னு கேட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவ ரைபிளுக்கு எந்தக் குண்டு ஒத்துவரும்னு தேடுற இந்த வேலை அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்.

எங்க செட்டிநாட்டு வீடுங்களைப் பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், முகப்புல நின்னா பின்கட்டு கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும். வளவு, அதான் வீட்டு நடு முற்றம், அதோட ஓரத்துல ஆத்தங்குடி கல்லு மேல ஒரு டேப் ஒட்டி அங்கேருந்து இரண்டாங்கட்டு வரைக்கும் அளந்தா பத்து மீட்டர் தாராளமா கிடைச்சுது. வீட்டுக்குள்ள காத்து தொந்தரவு இல்ல, வெயில் இல்ல. அட்டைக்குப் பின்னாடி மணல் நிரப்பின மரப்பெட்டி, அதுக்கும் பின்னாடி கனமான இரும்புத் தகடு, பின்கட்டு கதவுக்குப் பூட்டு. ஆச்சி ஒவ்வொரு தடவையும் "கதவை சாத்துனியாப்பு, சாவி யார்கிட்ட"ன்னு கேட்டுட்டுத்தான் நாற்காலியில உக்காருவாங்க. சாவி அவங்க மடியில இருந்தாத்தான் சுடுறதுங்கறதை நாங்க சட்டமாவே வச்சிருக்கோம்.

எங்க ஐயா காலத்துல கண்மாய்ப் பக்கம் வேட்டைக்குப் போன கதையெல்லாம் வீட்ல உண்டு. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, இன்னைக்கு ஒரு முயலைச் சுட்டாலும் குத்தம். அதுல எனக்கு வருத்தம் துளியும் இல்ல, வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைங்களுக்காக பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி சனம் தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்ல, அப்படிப்பட்ட சீமை இது. எங்களுக்கு அட்டை போதும்.

ஹூஸ்டன்ல இருக்கிற எங்க அத்தான் மான் வேட்டைக்கு வெடிமருந்துத் தோட்டா போடுற 308 ரைபிள் வச்சிருக்கார், கடைத் தோட்டாவை நம்பாம தானே தோட்டா கட்டுறவர். வெடிமருந்தோட எடை, குண்டு தோட்டாக் கூட்டுக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்குது, இதை ஒண்ணு ஒண்ணா மாத்தி மாத்தி தன் பேரலுக்கு எது ஒத்துவருதுன்னு பாப்பாராம். போன்ல அவர் சொன்னது ரெண்டே விஷயம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, மூணு குண்டு சுட்டுட்டு முடிவெடுக்காத, பத்து சுடு. நமக்கு மருந்தும் கிடையாது கூடும் கிடையாது, நம்ம கையில இருக்கிறது பெல்லட், அதான் ஏர் ரைபிள்ல போடுற சின்ன ஈயக் குண்டு, அது மட்டும்தான், ஆனா அந்த ரெண்டு புத்தியும் அப்படியே பொருந்துச்சு.

கணக்கு இதுதான். பத்து மீட்டர் அட்டையில பத்து பாயிண்டுங்கறது நடுவுல இருக்கிற 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் 4.5 மி.மீ., அதோட ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. அப்ப எல்லாக் குண்டோட மையமும் 5 மி.மீ. வட்டத்துக்குள்ள விழுந்தா எல்லாமே பத்து. நாங்க வாங்கி வச்சிருந்த டப்பாவுல பத்து பத்தா அஞ்சு அட்டை சுட்டுப் பாத்தேன், ரொம்பத் தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டையை வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் அளந்து 4.5 கழிச்சா சிதறல் 13 மி.மீ. வந்துச்சு. அதாவது புள்ள அசையாம பிடிச்சாலும் எட்டு விழும். அதை அவகிட்ட சொன்னப்ப அவ முகத்துல வந்த நிம்மதி இருக்கே, அதுக்காகவே மிச்ச வேலையெல்லாம் செஞ்சேன்.

முதல்ல எடை பாத்தேன். காரைக்குடியில நகைக்கடை வச்சிருக்கிற கூட்டாளிகிட்ட மில்லிகிராம் தராசு வாங்கிட்டு வந்து ரெண்டு ராத்திரி ஐநூறு குண்டை ஒவ்வொண்ணா நிறுத்துப் பிரிச்சேன். பிரிச்சதுக்கும் பிரிக்காததுக்கும் அட்டையில வித்தியாசமே தெரியல. அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டா காரணம் புரிஞ்சுது, செகண்டுக்கு 170 மீட்டர் வேகம்னு வச்சுக்கிட்டா பத்து மீட்டருக்குள்ள குண்டு கீழ இறங்குறது 17 மி.மீ., எடை நூத்துல ஒரு பங்கு மாறினா அந்த இறக்கம் 0.2 மி.மீ. கூட மாறாது. தூரம் அம்பது மீட்டர்னா வேற கதை. பத்து மீட்டருக்கு எடை பாக்குறதுல நேரத்தைப் போடாதீங்க.

உண்மையான வித்தியாசம் குண்டோட தலையில இருந்துச்சு. பெல்லட்டுக்கு முன்னாடி தட்டைத் தலை, நடுவுல ஒடுங்கின இடுப்பு, பின்னாடி பாவாடை மாதிரி விரிஞ்ச ஓரம். காத்தழுத்தத்துல பாவாடை விரிஞ்சு பேரலுக்குள்ள சுத்திச் சுத்திப் போற வரியைப் பிடிக்கும், தலைதான் குண்டை நடுவுல நேரா நிறுத்தும். அதே கம்பெனியோட அதே மாடல் 4.49, 4.50, 4.51 மி.மீ.ன்னு தலை அளவு வாரியா கிடைக்குது. கட்டைவிரல்லயே தெரியும் பாருங்க, 4.49 தள்ளாமலே உள்ள விழுந்துரும், 4.51 லேசா எதிர்த்துட்டு ஒரு சின்ன 'டொப்'போட உக்காரும். எங்க ரைபிளுக்குச் சிதறல் 4.50ல 9 மி.மீ., 4.51ல 6 மி.மீ. உங்க பேரலுக்கு வேற அளவு பிடிக்கலாம், சுட்டுத்தான் பாக்கணும்.

நடுவுல ஒரு வாரம் எல்லாம் கெட்டுப்போச்சு. 4.51ஏ திடீர்னு 12 மி.மீ. காட்ட ஆரம்பிச்சுது, நான் டப்பாவைத்தான் சந்தேகப்பட்டு புது டப்பா பிரிச்சேன், அதுவும் அப்படியே. கடைசியில பாத்தா ரைபிளைத் தாங்குற கட்டையோட, அதான் ஸ்டாக்கோட, முன்பக்க ஸ்குரூ கால் சுத்து தளர்ந்திருக்கு. ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் உதறும், அதுல ஸ்குரூ தானா கழண்டுக்கும். அந்த வாரத்து அட்டை அத்தனையும் தூக்கிப் போட்டுட்டு திரும்ப முதல்ல இருந்து. இப்பல்லாம் ஸ்குரூ பாக்காம ஒரு குண்டு கூட போடுறதில்ல. அதே உதறலுக்காகத்தான் இதை வைஸ்ல, அதான் பட்டறை இடுக்கியில, கட்டி டெஸ்ட் பண்ணக்கூடாது, இறுக்கியும் பிடிக்கக்கூடாது, விரிச்ச உள்ளங்கையில சும்மா படுக்க வைக்கணும், குண்டு பேரலை விட்டு வெளிய போறதுக்குள்ளயே ரைபிள் அசைய ஆரம்பிச்சுரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசையவிட்டாத்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும்.

பேரலைத் துடைச்சா முதல் பத்திருபது குண்டைக் கணக்குல எடுக்காதீங்க, ஈயம் திரும்ப லேசாப் படிஞ்சப்புறம்தான் நிலைக்கு வரும். முடிஞ்சதும் சோப்புப் போட்டு கை கழுவிட்டுத்தான் சாப்பாடு, ஈயம் நல்லதில்ல, புள்ளைங்க விஷயத்துல இதுல விட்டுக்குடுக்கவே கூடாது.

போன ஞாயித்துக்கிழமை அவளே சுட்டா. பத்துல ஆறு பத்து, மிச்ச நாலும் ஒன்பது. அட்டையை ஆச்சிகிட்ட கொண்டுபோய்க் காட்டினா, ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஓட்டையை விரலால தடவிப் பாத்துட்டு "எல்லாம் ஒரே எடத்துலதானே இருக்கு"ன்னாங்க. அந்த டப்பாவுக்கு அடியில இருக்கிற லாட் நம்பரை, அதான் எந்தத் தொகுதியில தயாரானதுங்கற நம்பரை, அட்டைக்குப் பின்னாடி எழுதி வச்சாச்சு, லாட் மாறினா அளவு ஒண்ணா இருந்தாலும் நடத்தை மாறும். அதே லாட்டுல இன்னும் நாலு டப்பா வேணும்னு சொல்லி வச்சிருக்கேன், வந்ததும் முதல் டப்பாவுல அஞ்சு அட்டை சுட்டுப் பாக்கணும்.