வருஷத்துக்கு அஞ்சு பர்சென்ட்

எங்க யுனிவர்சிட்டில எக்ஸாம் ஃபீஸ் ஏத்துனது, கேட் முன்னாடி பசங்க உக்காந்தது, அப்புறம் "நிறுத்தி வைக்கப்படுகிறது"ன்னு சுற்றறிக்கை வந்தது, இதெல்லாம் தெரிஞ்ச கதை, எந்த யுனிவர்சிட்டில வேல பாத்தவங்களுக்கும் இதுல புதுசா ஒண்ணும் இருக்காது. நான் எழுத வந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி ஃபைனான்ஸ் செக்சன்ல நான் ஃபைல்ல எழுதிப் போட்ட ஒரு ஆபிஸ் நோட்டப் பத்தி. நோட்டப் பத்தின்னுகூட சொல்ல முடியாது, அதப் படிச்சிட்டு எங்க சூப்பிரண்டு மேடம் கேட்டதப் பத்தி.

நோட்ல பெருசா ஒண்ணும் இல்ல. எக்ஸாம் ஃபீஸ், செமஸ்டர் ஃபீஸ், ப்ரொவிஷனல் சர்டிபிகேட், கன்வொகேஷன், மைக்ரேஷன் சர்டிபிகேட்னு இருக்கற எல்லா ஹெட்டும் (ஒவ்வொரு ஃபீஸ் வகையும் ஒரு ஹெட்டு) வருஷத்துக்கு 5 பர்சென்டுக்கு மேல ஏறக்கூடாது, ஏத்துனாலும் புதுசா சேர்ற பேட்சுக்கு மட்டும்தான், சேர்ற அன்னிக்கே மூணு வருஷத்துக்கும் என்ன கட்டணும்னு ஒரு தாள்ல அடிச்சுக் கையில குடுத்துரணும், நடுவுல புது ஹெட்டு எதுவும் முளைக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கு அப்ப அது ரொம்ப நியாயமான விஷயமாப் பட்டுச்சு, இப்பவும் படுது, அதான் பிரச்சனை.

மேடம் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு கேட்டாங்க. "சரி தம்பி, இப்படியே போனா அஞ்சாவது வருஷம் ஃபீஸ் ஏன் இவ்ளோன்னு யாரு யார்கிட்ட கேப்பா?"

"கேக்கவே வேண்டியதில்லயே மேடம், முன்னாடியே சொல்லிடுறோமே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவங்க இனிஷியல் போட்டு ஃபைல ஏ.ஆர். (அசிஸ்டன்ட் ரெஜிஸ்ட்ரார்) டேபிளுக்கு அனுப்பிட்டாங்க. தடுக்கல, திருத்தல. நோட்டுக்கு எதிரா ஒரு வரி எழுதியிருந்தா நான் பதில் எழுதியிருப்பேன், சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல வரும்போது எனக்கு கோவம்தான். மேடம் வருஷக்கணக்கா யூனியன்ல இருந்தவங்க, எதையும் போராட்டமாவே பாப்பாங்க, குடும்பம் நடத்துறவனுக்கு என்ன வேணும்னு தெரியாதுன்னு மனசுக்குள்ள திட்டுனேன். கவுன்டர்ல உக்காந்தவன் நான். சலான எடுத்துட்டு வர்ற அப்பா அம்மா "ஏன் இவ்ளோ"ன்னு கேக்கறது கம்மி, "அடுத்த செமஸ்டருக்கு எவ்ளோ வரும்"னுதான் கேப்பாங்க. சீட்டு போட்டு எடுக்கணுமா, குழுவுல லோன் கேக்கணுமா, நகைய இப்பவே திருப்பலாமா இல்ல அடுத்த ஃபீஸுக்கு அப்புறம் திருப்பலாமான்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கேள்விக்கு கவுன்டர்ல இருந்த ஒருத்தர்கிட்டயும் பதில் இருந்ததில்ல, ஏன்னா பதில் எங்கயுமே இல்ல, அது யுனிவர்சிட்டி முடிவெல்லாம் எடுக்கற குழுவான சிண்டிகேட் அடுத்து எப்ப கூடும், அப்ப கஜானா எப்படி இருக்கும்ங்கறதப் பொறுத்தது.

இதுல வேடிக்கை என்னன்னா இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தனியார் தொழிற்கல்வி காலேஜுக்கு இந்த விஷயத்துல ஒரு முறை இருக்கு. 2003ல சுப்ரீம் கோர்ட் இஸ்லாமிக் அகாடமி கேஸ்ல, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமைல மாநிலத்துக்கு ஒரு கமிட்டி வெச்சு ஃபீஸ நிர்ணயிக்கணும், நிர்ணயிச்சா மூணு வருஷத்துக்கு அத மாத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனாலதான் தமிழ்நாட்டுல செல்ஃப் ஃபைனான்ஸ் இன்ஜினியரிங் காலேஜ் கவுன்சிலிங் சீட்டுக்கு 2017ல 50,000, அக்ரடிட்டேஷன் (தர அங்கீகாரம்) இருந்தா 55,000னு ஒரு நம்பரப் பேப்பர்ல பாத்துட்டு ஒருத்தரால திட்டம் போட முடிஞ்சுது. (தனியார்ல அதுக்கு மேல எதுவும் வாங்கலையான்னு கேக்காதீங்க, கட்டுனவங்களுக்குத் தெரியும்.) அரசு யுனிவர்சிட்டிக்கு அந்த மாதிரி நீதிபதி, கமிட்டி, கெடு எதுவும் கிடையாது, நாங்க நல்லவங்கன்னு எல்லாரும் நம்பிட்டாங்க போல.

அதனால எத்தனையோ வருஷம் ஏத்தவே மாட்டோம், அப்புறம் ஒரே நாள்ல ஏத்துவோம். அலகாபாத் யுனிவர்சிட்டில 2022ல அப்படித்தான் 975 ரூபா இருந்தது ஒரே தாவுல 4,151 ஆச்சு, பசங்க உண்ணாவிரதம் வரைக்கும் போனாங்க. நம்ம ஊர்ல 2018 ஜனவரில பஸ் டிக்கெட் ஏறுனது ஞாபகம் இருக்கும், 2011க்கு அப்புறம் தொடாம வெச்சிருந்து மொத்தமா ஏத்துனாங்க, காலேஜ் பசங்க ரோட்டுக்கு வந்ததும் கொஞ்சூண்டு கொறச்சாங்க. 2016ல ஐ.ஐ.டி.ல 90,000த்த 2 லட்சம் ஆக்குனப்ப அது புது பேட்சுக்குன்னு சொன்னாங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி பசங்களுக்கும் வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் டியூஷன் ஃபீஸே கிடையாது, 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடின்னு கூடவே வெச்சாங்க. தொகை பெருசுதான், ஆனா உள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரியும். எனக்கு வேணும்னு நெனச்சது அந்த "முன்னாடியே தெரியும்" மட்டும்தான்.

இங்க வரைக்கும் எழுதறப்ப நான் சரின்னுதான் தோணுது. அப்புறம் எக்செல் ஷீட் ஞாபகம் வருது.

2023 நவம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி யு.ஜி. எக்ஸாம் ஃபீஸ் பேப்பருக்கு 150லருந்து 225ன்னு நியூஸ் வந்துச்சு இல்லயா. பயங்கர எதிர்ப்பு, அப்ப உயர்கல்வி அமைச்சரா இருந்த பொன்முடி அந்த செமஸ்டருக்கு பழைய ஃபீஸே போதும்னு சொல்லிட்டார். நான் அன்னிக்கு ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பாத்தேன். 150 ரூபாய 5 பர்சென்ட் மேனிக்கு ஏத்திக்கிட்டே போனா எட்டாவது வருஷம் 221, ஒம்போதாவது வருஷம் 232. அதாவது எல்லாரும் அநியாயம்னு கத்துன அந்த 225 என்னோட "நியாயமான" ஃபார்முலாவுக்குள்ளயே சத்தமில்லாம வந்து சேர்ந்திருக்கும். அது மட்டும் இல்ல. ஒம்போது வருஷம் தூங்கிட்டு திடீர்னு ஏத்துற யுனிவர்சிட்டில நடுவுல படிச்ச அத்தனை பேட்சும் 150தான் கட்டியிருப்பாங்க, என் முறைல 157, 165, 173ன்னு ஒவ்வொரு பேட்சும் கூடக் கூட கட்டியிருப்பாங்க. மொத்தமாக் கூட்டிப் பாத்தா பசங்க பாக்கெட்லருந்து ஜாஸ்தி எடுக்கறது என் நோட்டுதான். ஏத்துறவன் தூங்குனா பசங்களுக்கு லாபம், ஏத்துறவன் ஒழுங்கா இருந்தா நஷ்டம்னு வந்து நிக்குது கணக்கு.

மேடம் இந்தக் கணக்கெல்லாம் போடல, போட்டிருக்கவும் மாட்டாங்க. அவங்க பாத்தது வேற. கத்தறதுக்கு ஒரு நாள் வேணும், மொத்தமா ஏறுனாத்தான் அந்த நாள் வரும், 7 ரூபா 50 காசுக்கு எவனும் க்ளாஸ புறக்கணிக்க மாட்டான். சிதம்பரத்துல ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ் பசங்க 2020 கடைசில உக்காந்தாங்களே, யுனிவர்சிட்டிய 2013லயே அரசு எடுத்துக்கிச்சு, ஆனா எம்.பி.பி.எஸ். ஃபீஸ் மட்டும் அஞ்சு லட்சத்துக்கு மேல. அந்தப் பசங்களுக்கு ஃபீஸ் நல்லாத் தெரியும், சேரும்போதே தெரியும், எழுதி வெச்சிருந்துச்சு. என் நோட்டோட கண்டிஷன்படி அது பக்காவான ஃபீஸ். அவங்க வாரக்கணக்கா உக்காந்ததாலதான் 2021ல மத்த அரசு மெடிக்கல் காலேஜ் மாதிரி 13,610 ரூபான்னு ஆச்சு. முன்னாடியே தெரியுங்கறது மட்டும் நியாயம் ஆயிருமான்னா, அந்தப் பசங்ககிட்ட போய் நான் அதச் சொல்ல முடியாது.

ஆனா இதையும் சொல்லணும். ஃபீஸ் ஏத்தாம இருந்த வருஷமெல்லாம் யாரும் காசு குடுக்கலைன்னு அர்த்தம் இல்ல, வேற எங்கயோ எடுத்திருக்காங்க. பென்ஷன் ஃபண்ட்ல கை வெப்பாங்க, ரிட்டயர் ஆன ப்ரொபசர் கிராஜுவிட்டிக்கு அலைவார், காலி இடத்துல கெஸ்ட் லெக்சரர் போட்டு மாசச் சம்பளத்த ரெண்டு மாசம் கழிச்சுக் குடுப்பாங்க. முன்னாடி தொலைதூரக் கல்விப் பணத்துல பல யுனிவர்சிட்டி ஓடுச்சு, யு.ஜி.சி. ரூல்ஸ் இறுகுனதும் அதுவும் வத்திப் போச்சு. 2024ல சென்னை யுனிவர்சிட்டி பேங்க் அக்கவுன்ட்டையே வருமான வரித்துறை முடக்குனாங்க, 424 கோடி பாக்கின்னு. அதோட காரணத்தப் படிச்சப்ப எனக்கு சிரிப்பா அழுகையான்னு தெரியல: அரசு மானியம் மொத்த வரவுல பாதிக்கும் கீழ போயிருச்சாம், அதனால அரசு பணத்துல நடக்கற நிறுவனத்துக்கான வரிவிலக்கு கிடைக்காதாம். ஆடிட் அப்ஜெக்சன், அதாவது கணக்குத் தணிக்கைல ஆட்சேபம்னு சொல்லி மானியத்தக் கொறைப்பாங்க, கொறைச்சதால நீ அரசு நிறுவனம் இல்லன்னு இன்னொருத்தர் வந்து வரி கேப்பாங்க. இதுக்கு நடுவுல ஃபீஸ் எவ்ளோன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடியே அடிச்சுக் குடுன்னு நான் நோட் போடறேன். கிராண்ட் எவ்ளோ வரும்னே தெரியாத இடத்துல ஃபீஸ மட்டும் எப்படி முன்னாடியே சொல்றது? அத மேடம் கேட்டிருந்தா பரவால்ல, அதுக்கு பதில் இருக்கு, அரசு மூணு வருஷ கிராண்ட முதல்ல சொல்லணும்னு எழுதியிருப்பேன். அவங்க அத விட்டுட்டாங்க.

இன்னொண்ணு நோட்ல நான் எழுதவே இல்ல, யாரும் கேக்கவும் இல்ல. எக்ஸாம் ஃபீஸ்ங்கறது பேப்பர் கணக்கு. எல்லாத்துலயும் பாஸ் ஆகறவனுக்கு அது முன்னாடியே தெரிஞ்ச தொகைதான், அரியர் வெச்சவனுக்குத்தான் கூடிக்கிட்டே போகும். எஸ்டிமேட் போடும்போது அரியர் பேப்பர் வரவு, ரீவேல்யூவேஷன் வரவுன்னு ஒரு வரி போடுவோம், போன வருஷத்த வெச்சு. அதாவது எத்தனை பேர் ஃபெயில் ஆவாங்கன்னு பட்ஜெட்ல நாங்க ஏற்கனவே எதிர்பாக்கறோம். அந்த வரிய நானே பல தடவ டைப் பண்ணியிருக்கேன், அப்ப ஒண்ணும் தோணல. 2020 ஆகஸ்ட்ல கொரோனா நேரத்துல அரியர் எக்ஸாம் ரத்து, ஃபீஸ் கட்டுனவங்க பாஸ்னு அரசு அறிவிச்சப்பதான் உறைச்சுது. கட்டாதவன் பாஸ் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம், படிச்சானா படிக்கலையாங்கறது கிடையாது. அப்புறம் அது கோர்ட்டுக்குப் போய் வேற மாதிரி ஆச்சு. அந்த வாரம் எக்ஸாம் கன்ட்ரோலர் ஆபிஸ் போன் அடிச்ச அடில, "சார் கடைசி நாள் முடிஞ்சிருச்சா, இப்ப கட்டலாமா"ன்னு கேட்ட குரல் ஒண்ணு ரெண்டு இப்பவும் காதுல இருக்கு. இவங்களுக்கு என் 5 பர்சென்ட் என்ன செஞ்சிருக்கும்? பர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை, 7.5 ஒதுக்கீட்டுல வர்ற அரசுப் பள்ளி பசங்களுக்கு அரசே கட்டுற ஃபீஸ்னு நல்ல விஷயமெல்லாம் வந்துச்சு, நான் அத மதிக்கறேன், அரியர் பேப்பர்னு வரும்போது அந்தப் பையன் தனியாத்தான் நிக்கறான்.

நோட் என்ன ஆச்சுன்னா, எஃப்.ஓ. (ஃபைனான்ஸ் ஆபிசர்) "நல்லா இருக்கு, இப்ப வேணாம்"னாரு. எலெக்சன் வருது, இந்த நேரத்துல ஃபீஸ்ங்கற வார்த்தையே அஜெண்டால வரக்கூடாதுன்னு. அப்புறம் வருஷங்கள் கழிச்சு டேபிள் அஜெண்டாவா, அதாவது முன்கூட்டி அனுப்பாம கூட்டத்துலயே வெக்கறதா, ஃபீஸ ஏத்தச் சொல்லி ஒரு பக்கம் வந்துச்சு, எல்லா பேட்சுக்கும் சேத்து, வர்ற எக்ஸாம்லருந்தே. அதுதான் மேல சொன்ன தெரிஞ்ச கதை. அந்த நாள் வராண்டால மேடத்தப் பாத்தேன், ரிட்டயர் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கேட்ல கோஷம் கேட்டுட்டு இருந்துச்சு. "பாத்தீங்களா மேடம், என் நோட் போயிருந்தா இது நடந்திருக்காது"ன்னேன். "ஆமா தம்பி, நடந்திருக்காது"ன்னாங்க. என் பக்கம் பேசுனாங்களா அவங்க பக்கம் பேசுனாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

நடுவுல ஒரு தடவ அந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சு, போன வருஷக் கணக்க ஆடிட் முடிச்சு வெளிய போட்டாத்தான் இந்த வருஷம் 5 பர்சென்ட் ஏத்தலாம்னு ஒரு கண்டிஷன் எழுதிக் காமிச்சேன். மேடம் சிரிச்சிட்டாங்க. "லோக்கல் ஃபண்ட் ஆடிட் முடிஞ்சு வர்றதுக்குள்ள அந்த பேட்சுக்கு கல்யாணம் ஆயிரும்." எங்க கணக்கப் பாக்கற அரசுத் தணிக்கை அது. அவங்க சொன்னது உண்மைதான், எங்க செக்சன்ல பழைய அப்ஜெக்சனுக்கு பதில் எழுதறதே தனி உத்தியோகம். ஆனா நடக்காதுங்கறதுக்காக கண்டிஷனே வேணாம்னு விட்டுட முடியுமா? கணக்கு காட்டலன்னா ஏத்தாத, அதுவும் ஒரு வகைல பசங்களுக்கு லாபம்தானேன்னு இப்பத் தோணுது. அப்பச் சொல்லத் தோணல.

இப்ப மறுபடி ஒரு கமிட்டி போட்டிருக்காங்க, பழைய ஃபைல் எதாவது இருக்கான்னு கேட்டாங்க, என் நோட்டத் தேடி எடுத்துக் குடுத்தேன். மேடம் கேட்டதையும் ஒரு பாராவா சேக்கலாம்னு உக்காந்தேன், வரல, ஆபிஸ் நோட்ல கேள்வியா எழுதுனா "தெளிவுபடுத்துக"ன்னு திரும்பி வந்துரும். அதுக்குப் பதிலா ஆடிட் கண்டிஷன சேத்தேன், கூடவே மூணு வருஷத்துக்கு ஒருக்க இந்த 5 பர்சென்ட் வேணுமா வேணாமான்னு சிண்டிகேட்ல திரும்ப விவாதிச்சு முடிவெடுக்கணும்னு ஒரு வரி. எங்க சிண்டிகேட்ல உயர்கல்வித் துறை சார்பா ஆள் வருவாங்க, நிதித் துறை சார்பா வருவாங்க, பிரின்சிபால் வருவாங்க, ஸ்டூடன்ட் யாரும் உக்காரறதில்ல. அது தெரிஞ்சேதான் அந்த வரிய எழுதுனேன். புது ஏ.ஆர். "இது எதுக்கு சார், 5 பர்சென்ட்னு முடிச்சிரலாமே"ன்னு கேட்டாரு, இருக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்.