'கொ' உடைந்த நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்துதான் வேலை செய்கிறேன். ஊரைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ஒரு காலத்தில் அங்கெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் உழைத்தவர்கள் தங்கள் நினைவுகளைத் தாங்களே எழுதிச் சேர்க்க ஒரு வலைத்தளம் வேண்டும் என்று சிலர் கேட்டு வந்தார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். என் பாட்டியும் பால் வெட்டியவர்.

எழுதும் பெட்டியை, அதாவது எடிட்டரை, நானே செய்வது என்று முடிவெடுத்தேன். தடித்த எழுத்து, தலைப்பு, படம், இவ்வளவுதானே! ஆயத்தமாகக் கிடைக்கும் எடிட்டர்களில் எங்களுக்குத் தேவையில்லாத பொத்தான்கள்தான் அதிகம் என்று தோன்றியது. உலாவியில் கன்டென்ட்எடிட்டபிள் என்று ஒரு வசதி உண்டு. 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 கொண்டுவந்தது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் பக்கத்தின் எந்தப் பகுதியிலும் தட்டச்சு செய்யலாம். முதல் நாள் மாலையே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

சோதனைக்குக் கொடுத்த இரண்டாம் நாள், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஐயா ஒருவர் அழைத்தார். "தம்பி, நான் கொட்டகைன்னு அடிக்கிறேன், கொகொட்டகைன்னு வருது. என் கண்ணாடியா, போனான்னு தெரியல."

இரண்டும் இல்லை, என் நிரல்தான். ஆண்ட்ராய்டு விசைப்பலகை பெரும்பாலும் எந்த விசை அழுத்தப்பட்டது என்று உலாவிக்குச் சொல்வதில்லை, 229 என்ற ஒரே எண்ணைத்தான் அனுப்பும். க்-உம் ஒ-வும் சேர்ந்து 'கொ' ஆகும்வரை எழுத்து பாதி வெந்த நிலையில், அடிக்கோட்டோடு நிற்கும். என் நிரலோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தப் பத்தியை அழித்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது. விசைப்பலகை தான் பிடித்து வைத்திருந்த இடத்தைத் தொலைத்துவிட்டு, அதே எழுத்தை மறுபடி போட்டது.

அதைச் சரிசெய்தேன். அடுத்தது கட்டுரையின் முதல் எழுத்து. அதைப் பத்திரிகை போலப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். க பெரிதாக நிற்க, அதன் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தின் இரண்டு பக்கமும் தனியாகக் கிடந்தன. நம் கண்ணுக்கு 'கொ' ஒரே எழுத்து. உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு அது இரண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க அதிலேயே இன்டில் செக்மென்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்துத் தீர்த்தேன். அப்புறம் வேர்டில் இருந்து ஒட்டும்போது வரும் குப்பை. அப்புறம் அன்டூ, அதாவது செய்ததைத் திரும்ப மாற்றும் வசதி. நான்கு மாதம் போனது. தோட்டத்து நினைவுகளுக்காக ஒரு வரிகூட நான் புதிதாகச் செய்திருக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

கடைசியில் டிப்டாப் என்ற ஆயத்த எடிட்டருக்கு மாறினோம். அது புரோஸ்மிரர் என்ற எடிட்டர் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. புரோஸ்மிரரின் முதல் முழுப் பதிப்பு 2017-இல் வந்தது. அது ஆவணத்தைத் தனக்கென ஒரு மரம் போலக் கிளை கிளையாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. எதற்குள் எது வரலாம் என்று முன்கூட்டியே நாம் விதி எழுதிக் கொடுக்கலாம். உலாவிகளின், விசைப்பலகைகளின் குணங்களோடு பலர் பல வருடம் மல்லுக்கட்டித் தீர்த்து வைத்தவை அதற்குள் இருக்கின்றன. தனி ஆளாக நான் அந்த இடத்தை எட்டவே முடியாது.

பிறர் செய்ததை நம்புவதிலும் ஆபத்து உண்டு. இதே மாதிரி ஆயத்த எடிட்டர்களில், சிகேஎடிட்டர் 4-க்கு இலவசப் புதுப்பிப்பு 2023-இல் நின்றது. டிராஃப்ட்.ஜேஎஸ் வளர்ச்சியும் நின்றுபோனது. டைனிஎம்சிஇ 2024-இல் ஏழாம் பதிப்போடு கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் இருந்து, நிபந்தனைகள் கூடிய ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எழுத்து எங்கள் சர்வரில், எந்த எடிட்டரும் இல்லாமலே படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் எல்லாக் கட்டுரைகளையும் எந்த உலாவியும் படிக்கும் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிச் சேமிக்கிறோம். நாளை டிப்டாப் இல்லாமல் போனாலும் ஒரு கட்டுரைகூடத் தொலையாது.

மிச்சமான நேரத்தில் எங்களுக்கே உரிய ஒன்றைச் செய்தோம். எழுதுபவர் பெரட்டு, ஒட்டுப்பால் மாதிரி ஒரு தோட்டத்துச் சொல்லைத் தொட்டு அதற்குப் பொருள் எழுதி வைக்கலாம். படிக்கும் பேரப்பிள்ளை அதே சொல்லைத் தொட்டால் பொருள் விரியும். இரண்டு வாரத்தில் முடிந்தது. எந்த ஆயத்த எடிட்டரிலும் இது இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, இது எங்கள் வேலை.

கிராணி ஐயாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "ஒட்டுக் கட்டுற மாதிரிதான் தம்பி. அடியில வித்துக்கன்னு, மேல நல்ல ரகத்து மொட்டு. நாங்க பால் வெட்டுனது மொட்டுல இருந்து வளர்ந்த மரத்துல" என்றார்.

மறுவாரம் அவர் கட்டுரை வந்தது. பதினொரு சொற்களுக்குப் பொருள் எழுதியிருந்தார். அதில் ஒன்று: "மங்கு: பால் பிடிக்கும் கிண்ணம். வேலை முடிந்ததும் கவிழ்த்து வைப்போம், மழைத்தண்ணீர் விழாமல்."