அந்த மைனஸ் யாருடையது?

ஜூன் 3

மகளின் நோட்டில் ஒரு கணக்கு: −5/12 − 7/18. விடை 29/36 என்று எழுதியிருந்தாள். 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 36 என்று கண்டுபிடித்து, −15/36 − 14/36 வரை ஒரு பிழையும் இல்லாமல் வந்திருக்கிறாள். கடைசி வரியில் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று மைனஸை எடுத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அந்த வாசகத்தை, எங்கே பொருந்தும் என்று விளக்காமல், நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஜூன் 4

எண்கோடு வரைந்தோம், ஒரு கட்டம் 1/36 என்று. பூச்சியத்துக்கு இடப்பக்கம் 15 கட்டம் தள்ளி நிற்கிறாய், இன்னும் 14 கட்டம் இடப்பக்கமே நடந்தால் எங்கே போவாய்? “இருபத்தொன்பதாவது கட்டம், இந்தப் பக்கமே” என்று உடனே காட்டினாள். விடை −29/36.

பகுதிகளை, அதாவது பின்னங்களின் கீழ் எண்களை, ஏன் சமமாக்குகிறோம் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. ஒரு அடி 1/12, இன்னொரு அடி 1/18 என்று இருந்தால் அடிகளைச் சேர்த்து எண்ண முடியாதே! மீ.சி.ம. சட்டென்று தோன்றாவிட்டால் 12 × 18 = 216 என்றே வைத்துக்கொள்ளலாம்: −90/216 − 84/216 = −174/216. சுருக்கினால் அதே −29/36.

ஜூன் 6

நேற்று உட்காரவில்லை. இன்று −3/4 − (−5/6). “குறையைக் கழித்தால் ஏன் கூடுகிறது?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பழங்காலக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்கிறார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவர் தந்த விதிகளில் ஒன்று. சரி, ஒருவருக்கு முக்கால் பங்கு கடன். அவர் கணக்கிலிருந்து ஆறில் ஐந்து பங்கு கடனை எடுத்துவிட்டால்? “கடன் தீருமா, கொஞ்சம் பாக்கி நிற்குமா?” என்று யோசித்தாள். முக்கால் பெரிதா, ஆறில் ஐந்து பெரிதா என்று பார்த்தவுடன் அவளால் சொல்ல முடியவில்லை. −9/12 + 10/12 என்று எழுதியதும் தெரிந்துவிட்டது: தீர்ந்து, 1/12 கையில் மிஞ்சுகிறது. விடையின் குறியைத் தீர்மானிப்பதற்கே இங்கே பொதுப் பகுதி வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஜூன் 9

கலப்பு பின்னம்: −2 1/3 − (−1 3/4). −2 1/3 என்பதை −5/3 என்று மாற்றிவிட்டாள். 3 × (−2) = −6, அதோடு 1 கூட்டினாளாம். அந்த மைனஸ் 2-க்கு மட்டும் உரியதல்ல, 1/3-க்கும் சேர்த்துத்தான்: −(2 + 1/3), அதாவது −7/3. எண்கோட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். −2 1/3 என்பது −2-ஐத் தாண்டி இடப்பக்கம் இருக்க வேண்டும். −5/3 வலப்பக்கம் நின்றது. தானே அடித்துவிட்டு எழுதினாள்: −28/12 + 21/12 = −7/12.

ஜூன் 11

இன்று அவளே ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தாள்: −1/6 − (−3/10). ஓரத்தில் பென்சிலால், “எடுக்கிற கடன்தான் பெரிது, விடை மிகை” என்று ஒரு வரி. அப்புறம் −5/30 + 9/30 = 4/30 = 2/15.