ஏழாவது ஸ்லைடு

ஒரு குடியிருப்பின் சுவரில் ஓவியம் வரைய அதிகாரிகளிடம் நாங்கள் கொடுத்த திட்டத்தின் அந்த ஏழாவது ஸ்லைடை இப்போதும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். நான்கு மாடிச் சுவர் முழுக்க நீலம், நடுவில் பூக் கட்டும் இரண்டு கைகள். ஓவியத்தைப் போட்டோஷாப்பில் சுவர்மேல் ஏற்றுவதற்கு முன் சில விஷயங்களை அழித்தேன். கொடியில் காய்ந்த துணி, பாத்ரூம் குழாயிலிருந்து தரைவரை இறங்கியிருந்த கறுப்புக் கறை, இரண்டாவது மாடிக்குக் கீழே உப்பு பூத்துப் பெயர்ந்திருந்த பூச்சு.

அந்தக் கைகள் கீழ்வீட்டு அக்காவுடையவை. படமெடுத்தபோது பூக் கட்டுவதை நிறுத்தாமலேயே கேட்டார், "தம்பி, ஒழுகுறத அடைச்சுட்டுத்தானே பெயிண்ட் அடிப்பீங்க?" நானும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "ஆமாக்கா" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. திட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பிரைமர், எக்ஸ்டீரியர் எமல்ஷன், சாரம், ஓவியர் சம்பளம் என்று செலவுப் பட்டியலை ஸ்லைடில் அடுக்கியவனே நான்தான்.

கறையை அழித்தது தப்பு என்று இன்றும் என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதிகாரிகள் முன்னால் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதற்குள் அவர்கள் கண்ணில் ஓவியம் படவேண்டும், கறை அல்ல. சென்னையின் கண்ணகி நகர் குடியிருப்பை அதற்காகத்தான் மூன்றாவது ஸ்லைடிலேயே வைத்தேன். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்கிருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது, 2020-இல் சுவர்களில் ஓவியங்கள் வந்த பிறகு ஜனங்கள் கேமராவோடு தேடிப் போனார்கள். ஒரு பேட்டையின் பெயரைச் சுவரோவியம் கொஞ்சமாவது மாற்றும் என்று நான் மனசார நம்புகிறேன், விற்பதற்காகச் சொன்னதில்லை.

ஆனால் ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் நிற்காது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும், மேலே அடித்த படலம் கொப்பளித்து உரியும். இது பெயிண்டர் யாரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். அப்படிப் பார்த்தால் அக்கா கேட்டது வீட்டுக்காக மட்டுமல்ல, எங்கள் ஓவியத்துக்காகவும்தான். மாதக்கணக்கில் நாங்கள் நடத்திய கூட்டங்களில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கேட்காமலும் இல்லை. சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு எங்கள் குழுத் தலைவரிடம், "ஒழுகலைச் சரிபண்ண ஒரு வரி சேர்க்கலாமா சார்?" என்றேன். "அது இன்ஜினியரிங் வேலைப்பா. அதைச் சேர்த்தா ஃபைல் வேற பிரிவுக்குப் போயிடும், அப்புறம் திரும்பியே வராது" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஒழுகலும் நிற்காது, ஓவியமும் வராது. சரி என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒரு தடவை வற்புறுத்தியிருக்கலாமோ என்று தோன்றுகிறது, உடனே அதனால் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்த "ஆமாக்கா"வை எந்தப் பிரிவும் சொல்லச் சொல்லவில்லை. "தெரியலக்கா" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு யார் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. போன வாரம் சுவரை அளக்கப் போனோம். மாடிப்படியில் நின்றிருந்த பெண்ணிடம் அக்கா என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான், ஒழுகுறத அடைச்சுத் தரேன்னு சொன்னாரு" என்றார். நான் டேப்பின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு அகலத்தைச் சத்தமாகப் படித்தேன்.