மரத்துக்கு வெள்ளை தெரியாது

எங்கள் ஹாலில் சோபாவுக்கு மேலே இப்போது ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் 'காம்போசிஷன் 8' தொங்குகிறது, பைன் பிளைவுட்டில் அச்சடித்தது. 1923-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் அவர் வாத்தியாராக இருந்தபோது வரைந்த ஓவியம் இது. அசல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2 மீட்டர் அகலம். என்னுடையது 3 அடிக்கும் கொஞ்சம் குறைவு. இதை இரண்டு தடவை அச்சடிக்க வேண்டி வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பலகையைப் பிரித்ததும் மனசு விட்டுப்போனது. வெளிர் பின்னணி முழுக்க வறுத்த ரவை நிறம், வெளிர்நீலம் இருந்த இடமெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை. பிரிண்டர் கெட்டுப்போகவில்லை. சாதாரண நான்கு மை அச்சில் வெள்ளை என்று ஒரு மையே கிடையாது, காகிதத்தின் வெண்மையைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். மரத்தில் அடியில் இருப்பது மரத்தின் மஞ்சள், அதன்மேல் நீலம் விழுந்தால் பச்சைதான்.

நம் தஞ்சாவூர் ஓவியக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பலகைப் படம் என்றே அதற்குப் பெயர், ஆனால் பலகையில் நேராக யாரும் வரைவதில்லை. துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கோடே போடுவார்கள்.

பலகையில் நேராக அச்சடித்து, புற ஊதா ஒளியில் மையை உலர்த்தும் யூவி பிரிண்டர் பலவற்றில் வெள்ளை மை தனியாக உண்டு, நாம் கேட்டால்தான் போடுவார்கள். அதற்காகப் பலகை முழுக்க வெள்ளை அடிக்கச் சொன்னால் மர ரேகை மறைந்து, கடை போர்டு மாதிரி ஆகிவிடும், அப்புறம் மரம் எதற்கு? இரண்டாம் தடவை நீலம், ஊதா வரும் இடங்களுக்கு அடியில் மட்டும் வெள்ளை கேட்டேன். இப்போது இடது மேல் மூலையில் அந்தப் பெரிய கறுப்பு வட்டத்துக்குள் ஊதா ஊதாவாகவே இருக்கிறது, அதைத் தாண்டினால் மர ரேகை அலை அலையாக ஓடி கண்டின்ஸ்கியின் ஸ்கேல் பிடித்த மாதிரியான கோடுகளுக்குக் குறுக்கே போகிறது. கிட்டப்போய் நின்றால் எது ஓவியத்தின் கோடு, எது மரத்தின் கோடு என்று ஒரு நொடி தடுமாறும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவருடைய 'பல வட்டங்கள்' (1926) இதைவிட அழகு என்று சிலர் சொல்வார்கள், ஆனால் பின்னணி கறுப்பு, ரேகை தெரியாது, அதைக் காகிதத்திலேயே போடலாம்.

அளவில் கவனம். 24×36 அங்குலம் என்று கடையில் ஒரு வழக்கமான அளவு சொல்வார்கள். இந்தப் படத்துக்கு 24 உயரம் என்றால் அகலம் சுமார் 34.4 தான். 36-க்கு நிரப்பினால் ஒன்று படம் இழுபடும், இல்லை மேலே கீழே வெட்டுப்படும். பலகையை அறுக்கச் சொல்லுங்கள், படத்தை அல்ல.

கண்டின்ஸ்கி 1944-இல் இறந்தவர், நம் பதிப்புரிமைச் சட்டப்படி இறந்து 60 வருஷம் கடந்துவிட்டது, தாராளமாக அச்சடிக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இறந்தது 1977-இல், அவர் படம் வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தயவுசெய்து கேளுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஆசாரி பின்பக்கமும் வார்னிஷ் அடிக்கச் சொன்னார். முன்பக்கம் மையால் அடைபட்டிருக்கும், பின்பக்கம் மட்டும் மழைக்கால ஈரத்தைக் குடித்தால் பலகை வளைந்துவிடுமாம். இரண்டு கோட் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு மாட்டினோம்.